உள்ளே போனதும் வெளியே வந்ததும்

தோ பாயோ
சிங்கப்பூர்
7 ஜூலை 2025, திங்கள்

சம்சுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது படி. உன்னிடம் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

அங்கே திவ்யதர்ஷினி என்று ஒரு நர்ஸ். "அங்கிள், தினமும் பேனாவால நாலு வரி எழுதுங்க. என்ன கிழமை, என்ன சாப்பிட்டீங்க, அது போதும். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க," என்றாள். எழுத்து கோணிப் போனாலோ வார்த்தை தடுமாறினாலோ என் இரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். இரண்டு நாள் "இன்று சனிக்கிழமை, ஓட்ஸ் சாப்பிட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கு என்று தெரியாமல் எழுத எனக்கு வரவில்லை. முப்பத்தொரு வருடம் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பெயர் போடாத காகிதத்தை மேசையை விட்டு நகர்த்தியதே இல்லை. அதனால் உன் பெயரைப் போட்டேன்.

மே மாதம் மார்க்கெட்டில் நான் விழுந்தபோது நீ வார்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டாய் என்று நம் மகள் முனீரா சொன்னாள். உள்ளே வந்திருந்தால் டாக்டர் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். கல்லீரல் சுருங்கிவிட்டது. நாம் சாப்பிடுகிற பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அது செரித்த பிறகு அம்மோனியா என்று ஒரு கழிவு மிஞ்சும். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். என்னுடையது முழுவதையும் மாற்றுவதில்லை. மிச்சம் மூளைக்குப் போகிறது. போனால் ஆள் தடுமாறுவான், உளறுவான், பிறகு ஒன்றும் நினைவிருக்காது.

ஜனவரியில் அண்ணன் மகள் அஃப்ரீன் கல்யாணத்தில் நடந்தது அதுதானா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்பதற்கு மேல் அவர் போகவில்லை. நானும் போக முடியவில்லை.

ஜமால் முகம்மது


புக்கிட் மேரா
10 ஜூலை 2025

மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

முனீரா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுதும்மா, எழுதும்மா" என்று உயிரை எடுக்கிறாள். அதனால் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நல்லா இருக்கு உங்க நியாயம்! ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதால் என் பெயர் நினைவுக்கு வந்ததாக்கும். பேனா பிடித்துப் பழக ஒரு ஆள் வேண்டும், அதற்கு நான்.

கல்யாணத்தில் நடந்தது உங்களுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது, மறக்க முடிந்தால் மறந்திருப்பேன். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அத்தாவை நிறுத்தி வைத்து, "கேட் பாஸ் எங்கே? பாஸ் இல்லாம உள்ள விட முடியாது," என்று கேட்டீர்கள். சட்டைப் பித்தான் தாறுமாறாக இருந்தது. நாக்கு குழறியது. வாயில் என்னவோ ஒரு அழுகிய பழ வாடை. ஊரே பார்த்துச் சிரித்தது. உங்கள் அண்ணன் என்னைத்தான் கேட்டார், "என்னம்மா ஆச்சு இவனுக்கு?" என்று. "குடிச்சிருக்காரு," என்று நான்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை குர்ஆனை எடுத்து முன்னால் வைத்து, குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நினைவில்லாத ஒண்ணுக்கு எப்படி சத்தியம் பண்றது சம்சு?" குடிக்காத மனுஷன் சொல்கிற பதிலா இது? அன்றைக்குத்தான் துணியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

இப்போது ஈரல் கெட்டுவிட்டது என்கிறீர்கள். ஈரல் எதனால் கெடும் என்று தேக்கா மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தன் ஈரலில் பாதியை வெட்டி உங்களுக்குக் கொடுக்கப் போவதாக முனீரா சொல்கிறாள். நேற்று இரத்தம்கூடக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை மச்சான். இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

சம்சுன்னிசா


தோ பாயோ
14 ஜூலை 2025, திங்கள்

சம்சு,

தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்கவில்லை, அவள் உன் மகள்.

டாக்டர் குடியைப் பற்றிப் பலமுறை கேட்டார். இல்லை என்றேன். சர்க்கரையும் கொழுப்புமே போதும், இருபது வருடத்தில் இப்படி ஆகும் என்றார். தேக்காவில் இருப்பவர்களை விட அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

முனீரா விஷயம் எங்கே நிற்கிறது என்றால், இந்த மாதம் 28ஆம் தேதி எனக்கு ஒரு சோதனை. கல்லீரல் புரதத்தை எவ்வளவு தூரம் சமாளிக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். அதற்கு முந்தைய ஏழு நாளும் அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்படிதான் சாப்பாடு. பருப்பு, சோயா தவ்ஹு, பால், ஒரு முட்டை. எல்லாம் கிராம் கணக்கு. இறைச்சி, மீன் கிடையாது. பட்டினியும் கிடக்கக் கூடாது, சதை கரைந்துவிடும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னாள். 27ஆம் தேதி முழுநாள் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். 28ஆம் தேதி காலை வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு அளந்த புரதம் கலந்த பால் ஒரு தம்ளர். அதன்பின் மணிக்கு ஒரு தடவை இரத்தம்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள். இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். ஆனால் இது நன்றாக வந்தால் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்பார்கள். மோசமாக வந்தால் முனீராவுக்குத் தேதி குறிப்பார்கள். நான் வேண்டிக்கொள்வது இந்த ஒன்றுதான். என் மகளைக் கத்தி தொடக் கூடாது.

பருப்பு வேகவைக்கக்கூட எனக்குச் சரியாக வரவில்லை. இரண்டு முறை அடிப்பிடித்துவிட்டது. இதை உன்னிடம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜமால்


புக்கிட் மேரா
21 ஜூலை 2025

மச்சான்,

இத்துடன் தூக்குச் சட்டி வருகிறது. முனீரா வேலைக்குப் போகிற வழியில் தினமும் கொண்டுவந்து வைப்பாள். மதியத்துக்கு ஒரு அடுக்கு, ராத்திரிக்கு ஒரு அடுக்கு. உங்கள் பட்டியலை அவள் போனில் காட்டினாள். பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடக் கேன்டீனில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். எனக்கு கிராம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டு கறி இல்லாமல் ஏழு நாளா? ஜெயிலில்கூட இதைவிட நல்ல சாப்பாடு போடுவான் லா. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன, மருந்து கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. மனுஷன் எழுந்து நடக்கத் தெம்பு வேண்டாமா? மே மாதம் வார்டு வாசலில் நின்று பார்த்தேனே, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு படுத்திருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர முடியாமல் திரும்பினேன். கோபத்தில் திரும்பினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களாக்கும்.

பருப்பில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள். மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இதனால் நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

சம்சுன்னிசா


தோ பாயோ
24 ஜூன், ஞாயிறு

சம்சு, நீ அடுப்படியில் இருக்கிறாய் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் சொல்லவில்லை. பருப்பு நன்றாக இருந்தது.

லிஃப்டில் ஏறினேன், எந்த மாடி என்று தெரியவில்லை. மேலே போனேன் கீழே வந்தேன் மேலே போனேன். ஒரு சீனப் பாட்டி கையைப் பிடித்து வீட்டு வாசலில் விட்டாள். நம் வீடு அவளுக்கு எப்படித் தெரியும்? பருப்பு நன்றாக இருந்தது. கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாஸ் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, சூப்பர்வைசர் கேட்பார். சட்டைப் பித்தானுக்கு ஓட்டை நகர்ந்து நகர்ந்து போகிறது.

மழை வரும்போல இருக்கிறது. முனீராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மறந்துவிடாதே. குடை கதவுக்குப் பின்னால். பருப்பு நன்றாக இருந்தது சம்சு, பருப்பு


புக்கிட் மேரா
26 ஜூலை 2025

மச்சான்,

வியாழக்கிழமை எழுதிய கடிதத்தில் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். ஜூலையை ஜூன் ஆக்கிவிட்டீர்கள். எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கி, கடைசி வரி காகிதத்தின் மூலையில் போய் விழுகிறது. முத்து முத்தாக எழுதுகிற கை! முனீராவுக்கு முப்பத்தொரு வயது, அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சொல்கிறீர்கள்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் குடிக்க ஆரம்பித்தாயிற்று என்று கத்தினேன். முனீரா வேலையை விட்டுவிட்டு அங்கே ஓடினாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்து, "வீட்டுல ஒரு பாட்டில் கிடையாதும்மா. ஒரு வாடையும் கிடையாது. நீ கொடுத்தனுப்பின சட்டிதான் கழுவிக் கவுத்திருக்கு," என்றாள். நர்ஸ் அந்தக் கடிதத்துப் போட்டோவைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்ததாகவும், வயிற்றைச் சுத்தம் செய்கிற சிரப்பைக் கூட்டிக் கொடுத்ததாகவும் சொன்னாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. குடித்திருந்தால் கோபப்படலாம். குடிக்கவில்லை என்றால் நான் யார்மேல் கோபப்படுவது? ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உடம்பில் தெம்பில்லாததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நாளைக்கும் சட்டி வரும். கொஞ்சம் கூடவே வைக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை நல்லபடியாகப் போய் வாருங்கள். துஆ செய்கிறேன்.

சம்சு


தோ பாயோ
30 ஜூலை 2025, புதன்

சம்சு,

இன்று தெளிவாக இருக்கிறேன். தேதியை நாட்காட்டியில் பார்த்துத்தான் போட்டேன்.

சோதனை முடிந்தது. காலை எட்டு மணிக்கே ஊசி குத்திவிட்டார்கள். அந்தப் பால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு காகிதத்தில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்கள் சிதறிக் கிடந்தன. வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்கச் சொன்னார்கள். பதினாறு என் கண்ணுக்குக் கடைசி வரை அகப்படவில்லை. அது நடுவிலேயே இருந்தது என்று பிறகு காட்டினார்கள்.

நேற்று முடிவைச் சொன்னார்கள். நன்றாக இல்லை. பால் குடிப்பதற்கு முன்பே இரத்தத்தில் அம்மோனியா அதிகம். குடித்த பிறகு இன்னும் ஏறி, நான்கு மணி நேரமாகியும் இறங்கவில்லை. திவ்யதர்ஷினி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ கம்மியா புரோட்டீன் சாப்பிட்டுட்டு எப்படி அங்கிள் இவ்ளோ அம்மோனியா? அதுக்கு மேல, கேன்ல யூரியா பாருங்க, நீங்க எழுதிக் குடுத்த சாப்பாட்டவிட ரொம்ப ஜாஸ்தியா வந்திருக்கு. வேற என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். பட்டியலில் உள்ளதுதான் என்றேன். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அன்றைக்குக் குர்ஆனை வைத்துக்கொண்டு நீ பார்த்தாயே, அதே முகம்.

நான் ஸ்டோர்காரன். உள்ளே வந்ததைவிட வெளியே போனது அதிகமாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பதிவு இல்லாமல் எதுவோ உள்ளே வந்திருக்கிறது. கிடங்குக்குள் கொண்டுவந்தது யார்? வீட்டில் இருப்பது நான் ஒருவன். அந்த வியாழக்கிழமை நான் லிஃப்டில் ஏறி இறங்கினேன் என்று என் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் கீழே காப்பிக்கடைக்குப் போய் எதையாவது வாங்கித் தின்றேனா? தின்றிருப்பேன். எனக்கே தெரியாமல் தின்ன முடியும் என்றால் எனக்கே தெரியாமல் குடிக்கவும் முடியும். நீ சொன்னது சரியாக இருக்கலாம் சம்சு. ஆறு மாதமாக உள்ளுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

இனி என் புத்தியை நான் நம்பப் போவதில்லை. முனீரா கொண்டுவந்த ஆபரேஷன் சம்மதக் காகிதத்தில் நான் இத்தனை நாள் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை போடுவதாகச் சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜமால்


புக்கிட் மேரா
2 ஆகஸ்ட் 2025

மச்சான்,

கையெழுத்துப் போடாதீர்கள். அல்லாஹ்வுக்காகப் போடாதீர்கள். இந்தக் கடிதத்தை முனீரா கையில் கொடுத்து இப்போதே அனுப்புகிறேன். அவள் என்னோடு பேசவில்லை, ஆனாலும் கொண்டுவருவாள்.

நீங்கள் எதையும் வாங்கித் தின்னவில்லை. நான்தான் கொடுத்தேன்.

உங்கள் பட்டியலைப் பார்த்த அன்றே தேக்காவுக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கினேன். ஒரு நாளைக்குக் கால் கிலோ. மஞ்சள் போட்டு வேகவைத்து, மிக்சியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, பருப்போடு கடைந்துவிட்டேன். வாடை தெரியாமல் இருக்க மிளகும் பூண்டும் கூடுதலாகப் போட்டேன். திங்கள் முதல் ஞாயிறு வரை, இரண்டு வேளையும். கடைசி இரண்டு நாள் கூடவே போட்டேன். நான் சொல்லும்வரை முனீராவுக்கும் தெரியாது.

ஈரல் நோய்க்காரனுக்கு ஈரல் கொடுத்தால் ஈரல் வளரும் என்று நம் வீடுகளில் யார் சொல்லவில்லை? பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுச் சுவரொட்டி கொடுப்பதில்லையா? கேன்டீனில் என்னோடு இருந்த பாப்பாத்தியின் புருஷனுக்கு இரத்தம் குறைந்தபோது அவள் இதைத்தான் கொடுத்துத் தேற்றினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் ஈரலை வெட்டுவதைவிட ஆட்டு ஈரலால் தேறிவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன் மச்சான். கெடுக்க நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தூக்கமே இல்லை. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி. சனிக்கிழமை நீங்கள் மந்தமாக இருப்பீர்கள். கூப்பிட்டால் இரண்டு தடவை கழித்துத்தான் திரும்புவீர்கள். காதில் விழவில்லையா என்று நான் கத்துவேன். இது இரண்டு வருடமாக இருக்கிறது. கல்யாணத்தன்று பரிமாறுகிற மேசையில் நின்றது யார்? நான். வாசல் மேசையில் வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தது நீங்கள். முதல் நாள் மாலையிலிருந்து மூன்று வேளை, தட்டு நிறையக் கறியும் ஈரல் வறுவலும் கொண்டுவந்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று வைத்தது இந்தக் கைதான். பிறகு அண்ணன் கேட்டபோது குடித்திருக்கிறார் என்று சொன்னது இந்த வாய்தான்.

நர்ஸிடம் நானே பேசிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பிறகு, "ஆன்ட்டி, கால் கிலோவா, ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். "இப்பதான் யூரியா கணக்கு சரியா வருது," என்றாள். கல்யாணத்தன்று வந்த அந்தப் பழ வாடைகூட ஈரல் நோயால் வருவதுதானாம். சோதனையைத் திரும்ப வைக்க டாக்டரிடம் கேட்கிறாளாம்.

உங்கள் புத்தியில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுத வந்தேன். அதற்கு இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

சம்சு


தோ பாயோ
5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

சம்சுன்னிசாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. சோதனையை 18ஆம் தேதி மறுபடி வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் கூடுவது 26ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை உன் வீட்டிலிருந்து ஒரு பருக்கை வரக் கூடாது. சட்டியைக் கழுவி முனீராவிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று தடவை "பருப்பு நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறேனே, அதைப் படித்தபோது உனக்கு என்ன தோன்றியது? நான் பைத்தியமாகிக்கொண்டிருந்தேன். நீ இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறாய்.

ஈரலுக்காக உன்மேல் கோபம் இல்லை. முதலில் இருந்தது. நேற்று அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணெய் மாதிரி அரைத்தாளாம். அந்தக் கோபம் போய்விட்டது. மற்றது போகவில்லை. ஜனவரியிலிருந்து அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெருநாளுக்கு ஸலாம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பதாக எனக்குத் தோன்றும். உண்மையா பிரமையா என்று தெரியாது. குடிகாரன் என்று நீ சொன்ன ஒரு வார்த்தையோடு நான் ஏழு மாதமாக நடந்துகொண்டிருக்கிறேன். அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. எனக்குத்தான் நினைவில்லையே.

ஜமால் முகம்மது


புக்கிட் மேரா
11 ஆகஸ்ட் 2025

மச்சான்,

நேற்று செம்பவாங்கில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். போனில் சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னதை இன்றைக்குப் போனில் எடுப்பது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆள். அஃப்ரீனும் மாப்பிள்ளையும்கூட வந்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "பெரிய மச்சான், கல்யாணத்தன்னைக்கு உங்க தம்பி குடிச்சிருக்காருன்னு சொன்னேன். அது பொய். அவருக்கு ஈரல் நோய். நான் போட்ட கறிச் சாப்பாடுதான் அவருக்கு அப்படி ஆக்கிருக்கு," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப அவனே சொல்லிருக்கலாமேம்மா? சத்தியம் கேட்டப்ப பண்ணலன்னு நீதானே சொன்னே?" என்றார்.

"நினைவில்லாத மனுஷன் எப்படி மச்சான் சத்தியம் பண்ணுவாரு? உள்ளத உள்ளபடி சொன்னாரு. அத நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்."

"சரி. குடிக்கலன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார் என்று சொல்லத்தான் போனேன். என் வாயில் வந்தது வேறு. "முதல் நாள் சாயங்காலம் அஸருக்கு நாங்க மண்டபத்துக்கு வந்தோம். ராத்திரி உங்க வீட்டு ஹால்ல, உங்க பக்கத்துலதான் அவர் படுத்தாரு. காலையில என்கூடதான் வந்தாரு. அந்த மேசைய விட்டு எந்திரிச்சது தொழுகைக்கும் பாத்ரூமுக்கும்தான், அதுவும் உங்க கூடத்தான். பத்தடி தள்ளி நான் நின்னேன். குடிக்கிறதுக்கு அவருக்கு நேரமே கிடையாது மச்சான்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது எனக்கு இன்றைக்கா தெரியும்? அன்றைக்கே தெரியும். நீங்கள் மறந்த அந்த நாள் முழுவதும் என்னிடம் பத்திரமாக இருந்தது. ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். வெட்கத்தில் பார்க்கவில்லை. நான் ஒருத்தி பார்த்திருந்தால், உங்களிடம் சத்தியம் கேட்டிருக்கவே மாட்டேன்.

அவர்கள் வீட்டு அலமாரியிலிருந்து குர்ஆனை எடுத்து வரச் சொன்னேன். பெரிய மச்சான் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. உங்களுக்கு நினைவில்லாத நாளுக்கு, நினைவிருக்கிற நான் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை என்னைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார். "எங்க அத்தா இப்பவும் அந்த கேட் பாஸ் கதைய சொல்லிச் சிரிப்பாரு சாச்சி, கோபமே கிடையாது," என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சம்சு


தோ பாயோ
27 ஆகஸ்ட் 2025, புதன்

சம்சு,

நேற்று டாக்டர்கள் கூடினார்கள். முனீரா இதற்குள் உன்னிடம் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். ஆபரேஷன் இப்போது வேண்டாமாம். என் மகளைக் கத்தி தொடப் போவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இந்தத் தடவை அம்மோனியா பால் குடித்த பிறகு ஏறியது, நான்கு மணி நேரத்தில் இறங்கியும் விட்டது. நல்ல கல்லீரல் என்று சொல்ல மாட்டார்களாம். வேலை செய்கிறது, மெதுவாக. கேனில் வந்த யூரியாவும் நான் எழுதிக் கொடுத்த சாப்பாடும் கிட்டத்தட்ட சரியாகப் பொருந்தின. அந்தக் காகிதத்தைத் திவ்யதர்ஷினி என்னிடம் நீட்டியபோது ஸ்டோரில் சரக்கு வாங்குவதுபோல் கையெழுத்துப் போட்டு வாங்கத் தோன்றியது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது என்ன சொல்வார்களோ தெரியாது. பதினாறு கண்ணில் பட்டது.

புரதத்தை நிறுத்தக் கூடாது, பிரித்துப் பிரித்துச் சாப்பிட வேண்டும். பருப்பும் தவ்ஹுவும் பாலும் நல்லது. கறி ஒரேயடியாக வேண்டாம், எப்போதாவது சிறு துண்டு. குளிர்சாதனப் பெட்டி மேல் பட்டியலை ஒட்டியிருக்கிறேன். சமையல் தராசு ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். அண்ணன் செம்பவாங்கிலிருந்து தோ பாயோவுக்கு வந்து என் பக்கத்தில் நின்று தொழுதார். வெளியே வந்தோம். என் சட்டைப் பித்தான் ஒன்று விட்டுப்போயிருந்தது. கையை நீட்டிப் போட்டுவிட்டார்.

அந்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. இன்றைக்கு நீ சத்தியம் கேட்டாலும் என்னால் செய்ய முடியாது. நீ செய்துவிட்டாய் என்று அறிந்த பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

இனிமேல் தினமும் எழுத வேண்டியதில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவள் கேட்டது நாலு வரிதான், மிச்சமெல்லாம் உனக்கு எழுதியது.

ஜமால்


புக்கிட் மேரா
28 ஆகஸ்ட் 2025

மச்சான்,

முனீரா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் பேசியதே, "உன் துணிய எடுத்து வைக்கவா?" என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹருக்கு முன் வருகிறேன். பருப்பு ஊற வைக்க வேண்டாம், அதையும் அடிப்பிடிக்க வைத்துவிடுவீர்கள். நான் சமைக்கும்போது அடுப்படியில் நாற்காலி போட்டு என் எதிரில் உட்காருங்கள். சட்டியில் போடுகிற ஒவ்வொன்றையும் முதலில் உங்கள் தராசில் வைப்பேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ் இல்லாமல் ஒன்றையும் உள்ளே விடாதீர்கள்.

சம்சு